எழுந்துவரும் சூரியப் பகுதியின் முறுக்கை எதைக்கொண்டு அளப்பது?

2011 பிப்ரவரி இரண்டாம் வாரம். சூரியனின் தென்பாதியில், அதுவரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாத ஓரிடத்தில், இரண்டு காந்த இருமுனைகள் (வடமுனையும் தென்முனையும் சேர்ந்த இணைகள்) அடுத்தடுத்து மேலெழுந்தன. எழும்போதே ஒன்றின் கால் மற்றதன் காலோடு உரசியது. பிப்ரவரி 15 அன்று, உலக நேரப்படி இரவு இரண்டு மணியை ஒட்டி, அங்கிருந்து எக்ஸ்2.2 வகைச் சீற்றம் ஒன்று வெடித்தது (எக்ஸ் என்பது சீற்றங்களில் மிக வலுவான வகை). 24ஆவது சூரியச் சுழற்சியில் (ஒரு சுழற்சி சுமார் 11 ஆண்டு) அதுவே முதல் எக்ஸ் வகைச் சீற்றம். இப்படிக் காந்தப்புலம் திரண்ட இடத்தைச் செயல்மிகு பகுதி என்பார்கள். இந்தப் பகுதியின் எண் 11158.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2010 மே மாதத்தில், அதே தென்பாதியில் 11072 என்ற இன்னொரு பகுதி எழுந்திருந்தது. அது ஒற்றை இருமுனை. பாடநூலுக்குப் படம் போடலாம் போன்ற ஒழுங்கு. ஒன்று முரடு, மற்றது சாது. இரண்டும் எழத் தொடங்கிய நொடியிலிருந்து நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தில் சூரியக் காந்தப்புலத்தை அளக்கும் எச்எம்ஐ கருவியில் பதிவாகியிருக்கின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன்.

"ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் இருக்கிறது. ஒரு மடிக்கணினி இருக்கிறது. எழும் பகுதிகளின் காந்த முறுக்கைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும். எந்த முறையை எடுப்பது?" என்று கேட்கும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் முதலில் கைவைக்கும் அளவீடு ஆல்ஃபா (என்னவென்று கீழே சொல்கிறேன்). தரவுக் கோப்பின் தலைப்பிலேயே கணக்கிட்டு வைத்திருப்பார்கள், எடுத்து வரைபடம் போட்டுவிடலாம். முதிர்ந்த பகுதிகளுக்கு அது நல்ல அளவீடு. எழும் பகுதிகளுக்கு, குறிப்பாக முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு, நான் அதை நம்புவதில்லை.

முறுக்கு ஏன் வேண்டும்

சூரியனின் உள்ளே சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தடிமனுக்கு வெப்பச்சலன அடுக்கு இருக்கிறது. அதன் ஆழத்திலிருந்து ஒரு காந்தக் குழல் மிதந்து மேலே வர வேண்டும். முறுக்கே இல்லாத குழல், வரும் வழியில் இரண்டாகப் பிளந்து, ஒன்றையொன்று விலக்கும் இரு சுழல்களாகச் சிதறிவிடும். 1970களின் இறுதியிலிருந்தே கணினிக் கணக்குகள் இதைக் காட்டிவருகின்றன. திரிக்காத நாரை ஆற்றில் விட்டால் பிரிந்து மிதக்கும், திரித்த கயிறு கயிறாகவே போகும். அதே கதைதான். ஆக, ஒரு சூரியப்புள்ளிக் கூட்டம் உருப்படியாக மேற்பரப்பை எட்டியிருக்கிறது என்றால் அதன் குழலில் கொஞ்சமாவது புரி ஏறியிருக்க வேண்டும்.

அளவுக்கு மீறி ஏறினாலும் வம்புதான். ரப்பர் குழாயை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குழாயே சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது அல்லவா? காந்தக் குழலும் அப்படிச் சுருளக்கூடும். எதிர்முனைகளின் கருநிழல்கள் (புள்ளியின் இருண்ட நடுப்பகுதிகள்) ஒரே புறநிழலுக்குள் நெருக்கியடிக்கும் டெல்டா வகைப் புள்ளிகள் சிலவற்றை இப்படி விளக்குகிறார்கள். பெரும் சீற்றங்கள் பலவும் அந்த வகையிலிருந்து வருவதால் இந்த எண்ணின் மீது எல்லாருக்கும் ஒரு கண்.

அளந்து பார்த்தவர்கள் கண்ட முறுக்கு சிறியது: குழலின் ஒரு காலிலிருந்து மறுகால் வரை, பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவு. சிறிய எண்ணை இரைச்சலுக்கு நடுவே அளக்க வேண்டியிருப்பதால்தான் முறையைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு பேச்சு.

அளவோடு திசையும் உண்டு. வடபாதியில் இடக்கை முறுக்கு, அதாவது எதிர்க்குறி, மிகுதி. தென்பாதியில் வலக்கை முறுக்கு மிகுதி. இதைக் கோளார்த்த விதி என்பார்கள். விதி என்பது மரியாதைக்குத்தான், விதிவிலக்குகள் ஏராளம். 'வலம்புரி', 'இடம்புரி' என்று அழகாக எழுத எனக்கும் ஆசை. ஆனால் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்று வகைப்படுத்துகிறார்கள்; பார்க்கும் முனை மாறினால் பெயர் மாறிவிடுகிறது. அதனால் வலக்கை, இடக்கை என்றே எழுதுகிறேன். வலக்கை என்றால் கடையில் வாங்கும் சாதாரணத் திருகாணியின் மரை.

ஆல்ஃபா: கையருகே இருக்கும் எண்

விசையற்ற காந்தப்புலத்தில், அதாவது சுற்றியுள்ள பிளாஸ்மாவை (மின்னேற்ற வாயுவை) எந்தப் பக்கமும் தள்ளாத புலத்தில், மின்னோட்டம் புலக்கோடுகளின் வழியேதான் ஓடும். அப்படி ஓடும் மின்னோட்டத்துக்கும் புலத்துக்கும் உள்ள விகிதமே ஆல்ஃபா. மேற்பரப்பில் கிடைமட்டப் புலம் எப்படிச் சுழல்கிறது என்று பார்த்தால் செங்குத்து மின்னோட்டம் தெரியும். அதைச் செங்குத்துப் புலத்தால் வகுத்தால் ஆல்ஃபா. சீராக முறுக்கிய மெல்லிய குழலில், ஒரு மீட்டருக்கு எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அதன் இருமடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

உணர்வுக்காக ஒரு கணக்கு. செயல்மிகு பகுதிகளில் ஆல்ஃபா சாதாரணமாக மீட்டருக்கு 10⁻⁸ என்ற அளவில் இருக்கும். குழலின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் மொத்தத் திரும்பல் அரை ரேடியன். ஒரு சுற்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு! நீங்கள் தேடுவது இவ்வளவு மெல்லியது.

1995இல் பெவ்ட்சோவ், கேன்ஃபீல்டு, மெட்காஃப் ஆகிய மூவர் ஹவாயின் ஹலேயகலாவில் எடுத்த வெக்டர் காந்தவரைபடங்களிலிருந்து (புலத்தின் வலிமையோடு திசையையும் காட்டுபவை) 69 பகுதிகளுக்கு ஆல்ஃபா கணக்கிட்டார்கள். வடபாதியில் 76 விழுக்காடும் தென்பாதியில் 69 விழுக்காடும் கோளார்த்த விதிப்படி அமைந்தன. இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று அந்த வேலை. இப்போது எச்எம்ஐயின் ஷார்ப் தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி ஆல்ஃபா தயாராகக் கிடைக்கிறது. 2010 மே முதல் இருக்கிறது. மாலைக்குள் நூறு பகுதிகளுக்கு வரைபடம் போட்டுவிடலாம். சிக்கலும் இந்தச் சுலபத்தில்தான்.

முதலில் கருவியின் பக்கம். செங்குத்துப் புலத்தை அளப்பதைவிடக் கிடைமட்டப் புலத்தை அளப்பது கடினம். எச்எம்ஐயில் இரைச்சல் முன்னதில் சுமார் 10 காஸ் (காந்தப்புல அலகு), பின்னதில் 100 காஸ் என்ற அளவில் இருக்கும். ஆல்ஃபாவுக்கு வேண்டியது கிடைமட்டப் புலத்தின் சரிவு. இரைச்சலை வகையிட்டால் என்ன வரும் என்று கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, புலத்தை அளக்க உதவும் சீமன் விளைவு (காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளைப் பிளப்பது) குறுக்குப் புலத்தின் கோட்டைக் காட்டுமே தவிர அம்புமுனையைக் காட்டாது. 180 பாகை ஐயத்தை வேறு கணக்கு வைத்துத் தீர்க்க வேண்டும். வலுவான புள்ளிகளில் அது நன்றாகத் தீர்கிறது, வலுவற்ற ஓரங்களில் அம்புமுனை ஏறக்குறைய குலுக்கல் முறையில் விழுகிறது. எழும் பகுதி முதல் நாளில் முழுக்க முழுக்க ஓரம்தான். நம்பத்தக்க படப்புள்ளிகளை மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள் என்றாலும், பகுதி வளர வளர அந்தப் புள்ளிகளின் கூட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. நேற்றைய சராசரியும் இன்றைய சராசரியும் வெவ்வேறு கூட்டத்துக்கு உரியவை.

கருவியை மன்னித்தாலும் இயற்பியல் மன்னிக்காது. ஒளிமண்டலத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில், பிளாஸ்மா கனமானது. புலம் அங்கே விசையற்றதாக இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, எழும் குழலின் ஆல்ஃபா எழும்போதே மாறுகிறது. மேலே கொரோனாவுக்குள் (சூரியனின் வெளி வளிமண்டலத்துக்குள்) நுழைந்த பகுதி சட்டென்று விரிந்து நீள்கிறது. நீளம் கூடினால் மீட்டருக்கான முறுக்கு குறையும். அடியில் இருக்கும் பகுதியில் முறுக்கு அடர்த்தி அப்படியே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு சமமாகும் வரை அடியிலிருந்து மேலே முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். புள்ளிகள் மெல்லச் சுழல்வதாக நமக்குத் தெரியும். பெவ்ட்சோவும் சகாக்களும் 2003இல் எழும் பகுதிகள் சிலவற்றைப் பின்தொடர்ந்தபோது, ஆல்ஃபா பூஜ்யத்தை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாளில் ஒரு நிலையான மதிப்பை எட்டியதைக் கண்டார்கள். அப்படியென்றால் முதல் நாள் ஆல்ஃபா குழலின் முறுக்கைச் சொல்வதில்லை. குழல் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

ஹெலிசிட்டிப் பாயம்: வாசலில் நின்று எண்ணுவது

கல்யாண மண்டபத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒரு வழி, உள்ளே போய்ப் படம் எடுத்து ஊகிப்பது. இன்னொரு வழி, வாசலில் உட்கார்ந்து நுழைபவர்களைக் கூட்டி, வெளியேறுபவர்களைக் கழிப்பது. இரண்டாவதில் ஒரே சங்கடம்: நீங்கள் வாசலுக்கு வரும் முன்பே உள்ளே எத்தனை பேர் போயிருந்தார்கள் என்பது தெரியாது. ஆனால் மண்டபத்தைத் திறந்தவரே நீங்கள் என்றால்?

எழும் பகுதி அப்படிப்பட்ட மண்டபம். தொடக்கத்தில் கொரோனாவில் அந்தப் பகுதிக்குரியது என்று எதுவும் இல்லை. அதனால் மேற்பரப்பைக் கடந்துபோகும் காந்த ஹெலிசிட்டியை முதல் நிமிடத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகையே உள்ளிருப்பு. முதிர்ந்த பகுதிகளை ஆராய்பவர்களைத் தொல்லைப்படுத்தும் அறியாத மாறிலி இங்கே கிடையாது. ஆல்ஃபா எங்கே சறுக்குகிறதோ அங்கேதான் இது நிமிர்கிறது. எழும் பகுதிகளுக்காகவே செய்த முறையைப் போல இருக்கிறது. இத்தனைக்கும் அப்படி யாரும் செய்யவில்லை.

ஹெலிசிட்டி என்பது புலக்கோடுகள் ஒன்றையொன்று எவ்வளவு சுற்றிப் பிணைந்திருக்கின்றன என்பதன் அளவு. அலகு மேக்ஸ்வெல்லின் இருமடி (மேக்ஸ்வெல் என்பது காந்தப்பாயத்தின், அதாவது பரப்பைக் கடக்கும் மொத்தப் புலத்தின், அலகு). காந்தப்பாயத்தின் இருமடியால் வகுத்துவிட்டால் அலகு போய், ஏறத்தாழச் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும். 10²² மேக்ஸ்வெல் பாயமுள்ள நடுத்தரமான பகுதியில் 10⁴²-லிருந்து 10⁴³ வரை ஹெலிசிட்டி சேர்ந்தால், அது நூறில் ஒரு சுற்றிலிருந்து பத்தில் ஒரு சுற்று வரை. மேலே ஆல்ஃபாவிலிருந்து போட்ட பன்னிரண்டில் ஒன்று இதற்குள் விழுவதைக் கவனியுங்கள். இரண்டு முறைகளும் ஒரே பொருளைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது ஆறுதல்.

செய்முறைக்கு வேண்டியவை வெக்டர் காந்தவரைபடங்களும் மேற்பரப்பின் திசைவேகமும். திசைவேகத்தை நேரடியாக அளக்க முடியாது. அடுத்தடுத்த படங்களிலிருந்து கணித்தெடுக்க வேண்டும். 2001இல் சே முதன்முதலில் செய்தபோது, படத்தின் துணுக்குகள் எங்கே நகர்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தொடர்பு முறையைக் கையாண்டார். 2008இல் ஷக் கொடுத்த டேவ்4விஎம் முறை வெக்டர் புலத்தையே பயன்படுத்தி மூன்று திசைவேகக் கூறுகளையும் தருகிறது. இன்று அதையே எடுக்கச் சொல்வேன்.

கணக்கில் இரண்டு உறுப்புகள் வரும். ஒன்று முறுக்கோடு மேலே வரும் புலம் கொண்டுவருவது, மற்றது ஏற்கெனவே வந்த கால்களை மேற்பரப்பு ஓட்டம் இழுத்துப் பின்னுவதால் வருவது. லியூவும் ஷக்கும் 2012இல் நம்முடைய அதே இரண்டு பகுதிகளை, சாதுவையும் முரடையும், இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். ஹெலிசிட்டியில் பெரும்பங்கு இரண்டாவது உறுப்பிலிருந்தே வந்தது. இதைப் படித்துவிட்டு "குழலில் முறுக்கே இல்லை, மேற்பரப்புதான் முறுக்கியது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறுக்கிய குழல் ஒன்று மேற்பரப்பைக் கடந்து எழும்போது, அதன் வெட்டுமுகம் கிடைமட்டமாகச் சுழல்வதாகத்தான் தெரியும். கார்க்குத் திருகியை ஒரு தாளின் வழியே மேலே இழுத்துப் பாருங்கள். துளையருகே கம்பி சுற்றிச் சுற்றி ஓடும். கூட்டுத்தொகையை நம்புங்கள், பிரிவினையைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

விலையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 120 வரைபடம், ஐந்து நாளைக்கு 600. ஒரு பகுதிக்கு மட்டும் அவ்வளவு. மடிக்கணினி தாங்கும், பொறுமைதான் தாங்க வேண்டும். பகுதி சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் விலகினால் வெக்டர் தரவை நான் எடுப்பதில்லை. நாளுக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது என்பதால் ஒரு பகுதிக்கு ஏழெட்டு நாள்தான் கிடைக்கும். அதற்குள் பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். மேற்குப் பக்கம் பிறந்தவை எல்லாம் கழிவு.

இன்னொரு பொறி: எஸ்டிஓ பூமியோடு ஒத்துச் சுற்றும் பாதையில் இருப்பதால், சூரியனை நோக்கிய அதன் வேகம் நாள்தோறும் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வரை கூடிக் குறைகிறது. அது காந்தப்புலத்தில் 24 மணி நேர அலையாகக் கசிகிறது. சீராக ஏறி இறங்கும் அந்த அலையை முதன்முறை பார்க்கும்போது, ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நெஞ்சு படபடக்கும். அலைவுக்காலம் 24 மணி நேரமா, 12 மணி நேரமா என்று பார்த்துவிட்டு அமைதியாகலாம்.

குறி மாறும் பகுதிகளும் உண்டு. 11928 என்ற பகுதியில் முதலில் ஒரு குறியிலும் பிறகு எதிர்க்குறியிலும் ஹெலிசிட்டி நுழைந்ததை வெமாரெட்டியும் டெமூலானும் 2017இல் எழுதினார்கள். அங்கே கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் சாதாரணமான, முறுக்குக் குறைந்த பகுதி என்று ஏமாந்துபோவோம். அதனால் கூட்டுத்தொகையின் அருகிலேயே நுழைவு வேகத்தின் வரைபடத்தையும் போடுங்கள்.

காந்த நாக்கு

எனக்குப் பிடித்தது இதுதான். தரவு எளிது, பொருள் ஆழம்.

எழும் குழலின் முதுகு மேற்பரப்பைக் கடக்கும்போது அச்சுப்புலம் கிடையாக இருக்கும். முறுக்கு இருந்தால் அச்சைச் சுற்றும் புலமும் உண்டு. அது அச்சின் ஒரு பக்கம் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். இந்தக் கூடுதல், இரண்டு முனைகளிலிருந்தும் ஒன்றை நோக்கி ஒன்று நீளும் நாக்குகளாகக் காந்தவரைபடத்தில் தெரிகிறது. புடவைக் கரையில் இரண்டு மாங்காய்கள் ஒன்றையொன்று தழுவியிருக்குமே, அதே உருவம். முறுக்கு இல்லாவிட்டால் முனைகளைப் பிரிக்கும் கோடு இருமுனை அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும். முறுக்கு ஏற ஏற அது சாயும். சாயும் பக்கம் முறுக்கின் கையைச் சொல்லும், சாயும் கோணம் அளவைச் சொல்லும்.

லோபெஸ் ஃபுவென்டெஸும் சகாக்களும் 2000இல் இதை முதலில் எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் புவனோஸ் அய்ரெஸ் குழு இதை விடாமல் வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளில் அளந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கும் குறைவு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு அவர்களின் அளவீடுகளும் ஆதாரம்.

இதற்குப் பார்வைக்கோட்டுப் புலம் (நம்மை நோக்கிய கூறு) போதும். வெக்டர் வேண்டாம், 180 பாகை ஐயம் இல்லை, திசைவேகம் வேண்டாம். அதனால் சோஹோ விண்கலத்தின் எம்டிஐ கருவி 1996 முதல் 2011 வரை 96 நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து வைத்தவையும் பயன்படும். எச்எம்ஐயோடு சேர்த்தால் இரண்டு முழுச் சுழற்சிகளுக்கு மேல் கையில் இருக்கிறது.

நாக்கு நிலைப்பதில்லை. குழலின் முதுகு முழுக்க மேலே போய்விட்டால் கால்கள் செங்குத்தாகிவிடும்; சுற்றுப்புலம் கிடையாகி, பார்வைக்கோட்டிலிருந்து மறைந்துவிடும். பாயம் உச்சத்தை எட்டும்போது நாக்குகள் உள்ளிழுத்துக்கொள்ளும். ஆக இந்த முறை எழும் கட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். நமக்கு வேண்டியதும் அந்தக் கட்டம்தானே.

11072 போன்ற சாதுக்களிடம் இது அருமையாக நடக்கும். 11158இல் நான்கு முனைகள். எந்த நாக்கு எதனுடையது என்று கேட்கத் தொடங்கினால் இரவாகிவிடும். வெப்பச்சலனம் சிறு துண்டுகளைக் கலைத்துப் போடும்போது பிரிகோட்டை வரைவதிலும் கொஞ்சம் கைவாகு தேவைப்படுகிறது. கோணத்திலிருந்து சுற்று எண்ணிக்கைக்குப் போக, குழல் அரை வளையம் போன்றது, சீராக முறுக்கியது என்று மாதிரி ஒன்றை நம்ப வேண்டும். குறிக்கு மாதிரி வேண்டாம், எண்ணுக்கு வேண்டும். இந்த வேறுபாட்டை ஆய்வேட்டில் தெளிவாக எழுதுபவர்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

மற்றவை

முப்பரிமாணப் புலத்தை விசையற்றது என்று வைத்து மேற்பரப்பிலிருந்து கட்டியெழுப்பி, ஒவ்வொரு புலக்கோட்டின் சுற்றையும் எண்ணும் முறை பார்வைக்குக் கவர்ச்சியானது. வண்ணக் கயிறுகள் பின்னிக்கொண்டிருக்கும் படம் அட்டைக்கு நன்றாக இருக்கும். 2009இல் டி ரோசாவும் சகாக்களும் 10953 என்ற பகுதியின் ஒரே தரவைப் பல குழுக்களின் நிரல்களில் ஓட்டிப் பார்த்தபோது விடைகள் ஒத்துப்போகவில்லை. முதிர்ந்து நிலைத்த பகுதிக்கே அந்தக் கதி. மணிக்கு மணி மாறும் எழும் பகுதிக்கு முதல் ஆய்வேட்டில் இதைத் தொட வேண்டாம்.

ஹெலிசிட்டியிலிருந்து பாயத்தின் எடையை எடுத்துவிட்டு, வெறும் பின்னலை மட்டும் எண்ணும் 'காந்தச் சுற்றல்' முறையும் இருக்கிறது. மெக்டாகர்ட், பிரையர் முதலியோர் 2021இல் இதைக்கொண்டு, செயல்மிகு பகுதிகள் முன்பே முறுக்கேறிய குழல்களாக எழுகின்றன என்று காட்டினார்கள். ஹெலிசிட்டிப் பாயத்தைச் செய்து முடித்தவருக்கு இது கூடுதலாக இரண்டு வாரம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அங்கே 1904 முதல் வெண்ணொளிப் படங்களும் 1912 முதல் ஹெச்-ஆல்ஃபா படங்களும் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் எடுத்தவை; நம் அளவீடான ஆல்ஃபாவோடு தொடர்பில்லை) இருக்கின்றன. 1906 முதல் 1987 வரையிலான தட்டுகளிலிருந்து புள்ளிக் கூட்டங்களின் சாய்வை அளந்த பெரிய வேலையில் சிவராமன், குப்தா, ஹோவர்டு மூவரின் பெயர்கள் நிற்கின்றன. ஆனால் சாய்வு சொல்வது அச்சின் வளைவை. அச்சைச் சுற்றிய முறுக்கை அல்ல. கோரியாலிஸ் விசை அச்சை ஒரு பக்கம் வளைத்தால் முறுக்கு எதிர்ப்பக்கம் ஏற வேண்டும் என்பது ஹெலிசிட்டி காப்பு சொல்வது. அந்த எதிரெதிர்த் தொடர்பைச் சோதிக்கச் சாய்வு துணைச்சான்று. ஹெச்-ஆல்ஃபாவில் தெரியும் சுழல்கள்? ஹேல் 1920களிலேயே, சுழல் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கோளார்த்தத்துக்கு ஏற்பச் சுழல்வதைக் கண்டார். அந்தச் சுழல் நன்கு அமைந்த முதிர்ந்த புள்ளிகளைச் சுற்றித்தான் தெரியும். எழும் பகுதியில் தெரிவது முனைகளை இணைக்கும் சிறு வில்வளைவுகள். நூறாண்டுத் தொடர் வேண்டும் என்றால் கொடைக்கானலுக்கு மாற்றே இல்லை, ஆனால் கேள்வியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆதித்யா-எல்1? அதில் சூரியனின் மேற்பரப்புக் காந்தப்புலத்தை அளக்கும் கருவி இல்லை. அதிலிருக்கும் காந்தமானி, விண்கலம் இருக்கும் இடத்துப் புலத்தை அளக்கிறது.

எதை எடுப்பது

முறையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடுவது மாணவர்களின் வழக்கம். இங்கே அது குறிப்பாகக் கெடுதல், ஏனென்றால் எண்ணிக்கையே கேள்வியைத் தீர்மானித்துவிடுகிறது.

லியூவும் சகாக்களும் 2014இல் எழும் பகுதிகள் 28-ஐ எச்எம்ஐ தரவில் ஹெலிசிட்டிப் பாய முறையில் அளந்தார்கள். விதிப்படி நடந்தவை 61 விழுக்காடு, பிழை கூட்டல் கழித்தல் 18. அதாவது உண்மை 43 ஆகவும் இருக்கலாம், 79 ஆகவும் இருக்கலாம். நாணயம் சுண்டியதற்கும் இதற்கும் வேறுபாடு உறுதியாகவில்லை. அதே ஆண்டு 151 பகுதிகளைப் பார்த்தபோது 75, பிழை 7. அங்கே பேச்சுக்கு இடமில்லை. நிபுணர்கள் 28 பகுதிகளை வைத்துக்கொண்டு எட்ட முடியாத முடிவை நீங்கள் ஆறு மாதத்தில் 15 பகுதிகளை வைத்து எட்டப்போவதில்லை.

ஆகவே, கோளார்த்த விதியையோ சுழற்சிக்குச் சுழற்சி மாற்றத்தையோ கேட்பதாக இருந்தால் காந்த நாக்கை எடுங்கள். எளிய இருமுனைகளை மட்டும் வடிகட்டி நூறு பகுதிகளையாவது சேருங்கள். பிழை பத்து விழுக்காட்டுக்குள் வரும். இரண்டு பேர் தனித்தனியே பிரிகோட்டை வரைந்து ஒப்பிடுங்கள்.

ஒரு பகுதி எப்படி முறுக்கை ஏற்றிக்கொண்டு சீற்றத்துக்குப் போகிறது என்று கேட்பதாக இருந்தால் ஹெலிசிட்டிப் பாயம். இரண்டு அல்லது மூன்று பகுதிகள் போதும். அவை மையக் கோட்டுக்குக் கிழக்கே பிறந்தவையாக இருக்கட்டும். ஷார்ப் தரவில் உடனடிப் பதிப்பை விட்டுவிட்டு இறுதிப் பதிப்பை எடுங்கள். உடனடிப் பதிப்பில் பகுதியின் எல்லைப் பெட்டி நாளுக்கு நாள் மாறும், வாசலின் அகலம் மாறிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கைக்கு என்ன பொருள்?

நேரம் மூன்று மாதம்தான் என்றால் நாக்கு. தயக்கமே வேண்டாம். ஆறு மாதமும் ஓரளவு நிரல் எழுதும் பழக்கமும் இருந்தால், நாக்கில் தொடங்கிக் குறியை உறுதிசெய்துகொண்டு, அதே பகுதிகளில் இரண்டுக்குப் பாயக் கணக்கு. ஆல்ஃபாவைக் கடைசி அத்தியாயத்துக்கு வையுங்கள். பாயம் உச்சத்தை எட்டிய பிறகான மதிப்பை மட்டும் எடுத்து, மற்ற இரண்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஆல்ஃபாவைச் சந்தேகியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாள் ஒரு வேலை செய்யுங்கள். நான் படித்த காலத்தில், பத்து நாள் உழைத்து, கோளார்த்த விதி தலைகீழாக இருப்பதாகக் கண்டுபிடித்தேன். வடபாதி முழுக்க வலக்கை, தென்பாதி முழுக்க இடக்கை! இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் பார்த்தால், பைதான் படத்தை வரையும்போது முதல் வரிசையை மேலே வைத்துவிட்டது. சூரியன் கண்ணாடியில் தெரிவது போலப் புரண்டிருந்தது. படத்தை 180 பாகை சுழற்றினால் முறுக்கின் கை மாறாது, எச்எம்ஐயின் முழுவட்டப் படங்கள் அப்படித் தலைகீழாகத்தான் வரும், பயமில்லை. ஒரே ஓர் அச்சைப் புரட்டினால் வலக்கை இடக்கையாகிவிடும். 11158இன் ஹெலிசிட்டி நேர்க்குறி கொண்டது, பலரும் பலமுறை அளந்தது. உங்கள் நிரலை முதலில் அதன்மேல் ஓட்டுங்கள். எதிர்க்குறி வந்தால் சூரியனை விட்டுவிட்டு ஒய் அச்சைப் பாருங்கள்.